சைக்கிள் பயணத்தில் பஞ்சரானால்: கையில் இருக்க வேண்டிய கருவிகள்

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வெயிலுக்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்புகிறோம். அந்த நேரத்தில் பஞ்சர் கடை எதுவும் திறந்திருக்காது. அதனால் டியூப் மாற்றத் தேவையானவற்றை முதலில் வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

சீட்டுக்கு அடியில் மாட்டும் சின்னப் பைக்குள் ஒரு ஸ்பேர் டியூப், இரண்டு பிளாஸ்டிக் டயர் லீவர், ஒட்டு, உப்புத்தாள், சொல்யூஷன், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) எல்லாம் அடங்கிவிடும். கைப்பம்பை ஃப்ரேமில் மாட்டிக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் 700x28, 27.5x2.1 என்பதுபோல் அளவு இருக்கும். அதைப் பார்த்து டியூப் வாங்குங்கள். வால்வும் பொருந்த வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் போட்ட ரிம் ஓட்டையில் மோட்டார் சைக்கிள் வகை வால்வு நுழையாது.

உங்கள் சக்கரம் நட்டு போட்டு முடுக்கியதா? அப்படியானால் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு 15 நம்பர் ஸ்பேனர் வேண்டும். பல சின்னக் கருவிகள் ஒன்றாக மடங்கியிருக்கும் மல்டி டூலில் அது இருக்காது. புதிதாக ஓட்டுபவர்கள் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

இனி வேலை.

1. சாலையை விட்டு நன்றாக ஒதுங்குங்கள். பின்சக்கரம் என்றால் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றுங்கள். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைப் பிடிக்கவே கூடாது.

2. மிச்சக் காற்றையும் இறக்குங்கள். டயரின் விளிம்பைச் சுற்றிலும் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால் டயர் தளரும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரைக் கொடுத்து நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், டியூபைக் கிழித்துவிடும்.

3. இதில் மட்டும் அவசரமே கூடாது. பழைய டியூபில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். வால்வை அடையாளமாக வைத்து டியூபை டயரோடு ஒட்டிப் பிடித்தால், குத்திய இடம் தெரிந்துவிடும். சீமைக்கருவேல முள் ரப்பருக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும்; வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரை மடக்கிப் பாருங்கள், உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் பஞ்சராகும். ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் ரிம் டேப் (ரிம்மின் உட்புறத்தைச் சுற்றியிருக்கும் பட்டை) விலகியிருக்கிறதா என்று கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் என்றால் முள் காரணமாக இருக்காது; காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்தில் இறங்கி, டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கும்.

4. புது டியூபில் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வையுங்கள். டயரைக் கையாலேயே ஏற்றி, வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். டியூப் எங்கேயும் கடிபடவில்லை என்று இருபுறமும் பார்த்த பிறகு, டயரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள்.

ஒட்டுப் போடும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஈரம் போக சுமார் 5 நிமிடம் விட்டு ஒட்டை அழுத்துங்கள். ஒருமுறை திறந்த சொல்யூஷன் உள்ளேயே காய்ந்துவிடும், கிளம்புமுன் அமுக்கிப் பாருங்கள்.

முதல் தடவை இதை நெடுஞ்சாலையில் செய்து பார்க்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் பின்சக்கரத்தைக் கழற்றி, இதே கருவிகளால் டியூபை மாற்றிப் பாருங்கள்.