வால்பேப்பர் உரித்த சீலிங்: பெயின்ட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

தாளை உரித்ததும் வெறும் பூச்சு தெரிகிறது, நேராகப் பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் போடும் முதல் கோட்) அடித்துவிடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். தாள் போனாலும் பசை பூச்சின் மேலேயே இருக்கிறது. பிரைமரின் ஈரத்தில் அது ஊறி, காயும்போது சுருங்கி, பெயின்ட்டையும் இழுத்துக்கொண்டு உரிந்துவிடும். இந்த வேலையில் பாதி, பசையைக் கழுவுவதுதான்.

முதலில் மெயினை அணைத்து, ஃபேனைக் கழற்றி, ஒயர் முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். அண்ணாந்து செய்யும் வேலை, விழுவதெல்லாம் முகத்தில்தான் விழும். நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறவே கூடாது.

பசை இருக்கிறதா என்று பார்க்க, ஈர விரலால் தேயுங்கள், வழுவழுத்தால் இருக்கிறது. மாவுப் பசை என்றால் டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு பட்டதும் கருநீலமாகிவிடும். மற்ற பசைகளுக்கு விரல்தான் சோதனை.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து, ஒரு பாகத்தை ஈரமாக்கிச் சில நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பட்டி (குழி, விரிசலை நிரப்பும் கலவை) பூசும் தகட்டைப் படுக்கவைத்து மெல்ல வழியுங்கள். குத்தினால் பூச்சில் பள்ளம் விழும். வழித்த இடத்தைத் துடைக்க ஒரு வாளி, ஸ்பாஞ்சை அலச இன்னொரு வாளி. அலசும் தண்ணீர் கலங்காமல் வரும்வரை விடாதீர்கள். ஜிப்சம் சீலிங் என்றால் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்ச் மட்டும். தண்ணீர் ஊறினால் பலகை இளகிவிடும்.

அப்புறம் காயவிடுங்கள். வேலூர் வெயிலில் மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், உள் ஈரம் இருக்கும். குறைந்தது ஒரு நாள், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் கூடுதலாக. காய்ந்தபின் எங்கே கறையோ உப்புப் பூத்தலோ தெரிகிறதோ, அதற்கு நேர் மேலே மொட்டைமாடியைப் போய்ப் பாருங்கள். ஒழுகலை அடைக்காமல் கீழே எவ்வளவு பட்டி பார்த்தாலும் வீண். விரல் மடக்கித் தட்டினால் 'டொப் டொப்' என்று கேட்கும் பூச்சு பிடிப்பு விட்டுவிட்டது. அதைக் கொத்தனாரை வைத்து எடுத்துவிடுங்கள். துருக்கறையோடு கம்பி தெரிந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஆற்காடு, வேலூர்ப் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பால் கட்டிய மாடி) வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். அதை சிமென்ட்டால் ஒட்டுப்போடாமல் சுண்ணாம்பாலேயே சரிசெய்வதுதான் நல்லது, இரண்டும் ஒத்துப்போகாது.

மயிரிழை விரிசலைத் தகட்டு முனையால் சற்று அகலப்படுத்தி, தூசி தட்டி, பட்டியால் நிரப்புங்கள். சீலிங் முழுக்கப் பட்டி பார்ப்பதென்றால் வெள்ளை சிமென்ட் பட்டி மெல்லிய இரண்டு கோட். தடிமனாக ஒரே கோட் போட்டால் வெடிக்கும். காய்ந்ததும் 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். டார்ச்சைச் சீலிங்கை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும்.

தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, டப்பாவில் சொன்ன அளவு தண்ணீர் கலந்து பிரைமர் அடியுங்கள். கத்திரி வெயிலில் மொட்டைமாடிச் சூடு கீழேயும் இறங்கி, ரோலர் ஓட்டும்போதே பிரைமர் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும்; காலையிலேயே முடித்துவிடுங்கள். பிரைமர் காய்ந்தபின் டார்ச்சை மறுபடி சாய்த்துப் பாருங்கள். மிச்சக் குழிகளுக்குப் பட்டி வைத்துத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் தொட்டு, அதுவும் காய்ந்தபிறகு பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம்.