வடசென்னையில் ட்ரோன் பறக்கவிடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஏர்போர்ட் மீனம்பாக்கத்தில் இருக்கிறது, ராயபுரத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?' இந்த நினைப்புதான் முதல் தவறு. 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 கி.மீ. வரை சிவப்பு மண்டலம், 8 கி.மீ. வரை மஞ்சள். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்குள் பச்சை, அதற்கு மேல் மஞ்சள். ராயபுரம் இந்த வட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் சிவப்பாக இருக்கக்கூடிய துறைமுகம், ஜார்ஜ் கோட்டை, மணலி சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூர் காமராஜர் துறைமுகம் எல்லாம் நம் பக்கம்தானே? எந்த இடம் எந்த நிறம் என்பதை மத்திய அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும், அதுவும் பறக்கவிடும் அன்றைக்கே. போன மாதம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். மஞ்சளில் பறக்க வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும்; சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

பச்சை, அதாவது இந்த அனுமதிகள் தேவைப்படாத மண்டலம், என்று பார்த்ததும் கிளம்பிவிடுவது அடுத்த தவறு. எங்கள் பார்வையில் இதுதான் மிகப் பெரியது. வான்வழி மத்திய அரசின் கையில், பொது ஒழுங்கு மாநிலத்தின் கையில். சுதந்திர தினம், பிரதமர் வருகை போன்ற நாட்களில் காவல் ஆணையர் ட்ரோனுக்குத் தடை போடுவார். அந்தத் தடையாணையை மீறினால் பாரதிய நியாய சன்ஹிதா 223-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். இது தவிர, எஸ்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட நிலை அதிகாரி ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக்கலாம். அது வரைபடத்தில் தெரியும். ஆணையரின் தடை அங்கே தெரியும் என்று எண்ண வேண்டாம். உள்ளூர் காவல் நிலையத்தில் கேட்டுவிடுவதே நல்லது. செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் போனால் ஆவடி ஆணையரகம். சென்னை ஆணையரின் அறிவிப்பை மட்டும் பார்த்தால் போதாது. காவல் நிலையத்தில் வாங்கிய கடிதம் சிவப்பு மண்டலத்தைப் பச்சையாக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

எடையில் ஏமாறுகிறவர்கள் நிறைய. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. பெட்டியில் 249 கிராம் என்று போட்டிருக்கும் டிஜேஐ மினி 3 புரோவில் பெரிய பேட்டரியைப் போட்டால் சுமார் 290 கிராம் ஆகிவிடும். இறக்கைக் காப்பு, ஃபில்டர் எல்லாம் மாட்டி, பறக்கும் நிலையிலேயே தராசில் வையுங்கள். மைக்ரோ ஆகிவிட்டால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதை வைத்துக் கல்யாண வீடியோ எடுத்துக் காசு வாங்கினால் ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும்: வயது 18 முதல் 65, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, டிஜிசிஏ (மத்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் பயிற்சி. பொழுதுபோக்குக்கு மைக்ரோ ஓட்ட இந்தச் சான்றிதழ் தேவையில்லை.

உயரக் கணக்கு மொட்டை மாடியில் தப்பும். பச்சை மண்டலத்தின் 400 அடி, அதாவது 120 மீட்டர், தரையிலிருந்து அளப்பது. ஆப் காட்டுவதோ கிளம்பிய இடத்திலிருந்து. 30 மீட்டர் உயர மாடியிலிருந்து கிளப்பினால் திரையில் 120 காட்டும்போது ட்ரோன் தரையிலிருந்து 150 மீட்டரில் இருக்கும். அந்த உயரம் மஞ்சள் மண்டலம். மாடி உயரத்தைக் கழித்து, செட்டிங்கில் 90 மீட்டருக்கு வரம்பு போடுங்கள்.

பழைய ட்ரோன் வாங்கினால் பணம் கொடுக்கும் முன் அரசிடம் பதிவு செய்து பெற்ற அதன் அடையாள எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவு உங்கள் பெயருக்கு மாற வேண்டும். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. துபாயிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லிவிட்டு வாங்குவது இதில்தான் மாட்டும். விதிமீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

விபத்து நடந்தால் உடைந்த ட்ரோனை மட்டும் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கையில் தெரிவிக்க வேண்டும்.