டிரோம்சோவில் துருவ ஒளி: சிறுகுழுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி 69 பாகைக்கு மேலான அட்சரேகையில் இருக்கிறது டிரோம்சோ. இரவு வானில் பச்சைத் திரைபோல் ஆடும் 'அரோரா'தான் துருவ ஒளி. பூமியின் காந்த வட துருவத்தைச் சுற்றி எப்போதும் இருக்கும் அதன் வளையம் பெரும்பாலான இரவுகளில் இந்த ஊரின் தலைக்கு மேலேயோ சற்று வடக்கிலோ நிற்கும். அதனால் இங்கே ஒளி கிடைக்குமா என்று கவலைப்படுவதைவிட மேகம் விலகுமா என்று கவலைப்படுவதே சரி. ஒளி தோன்றுவது 100 கி.மீ. உயரத்துக்கு மேலே. மேகமோ 10 கி.மீ.க்குக் கீழே. கீழே இருப்பது மேலே இருப்பதை மறைத்துவிட்டால் எந்தக் கேமராவாலும் பயனில்லை.

மாலை ஆறு மணிவாக்கில் எட்டுப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிற வழிகாட்டி அந்த மேகமில்லாத திட்டைத்தான் தேடிப் போகிறார். நாம் கொடுக்கும் பணம் அவருடைய வானிலை அறிவுக்கும், பனிச்சாலையில் வண்டி ஓட்டும் திறமைக்கும், ராத்திரி முழுக்க எரியும் டீசலுக்கும்தான். இது புரியாமல் திட்டம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகளைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

கே.பி. எண்ணை நம்பி நாள் குறிப்பது

செயலியைத் திறந்து "இன்றைக்கு கே.பி. 1தான்" என்று பயணத்தை ரத்து செய்பவர்கள் நிறைய. கே.பி. என்பது உலகம் முழுவதற்குமாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படும் காந்தப்புலக் கலக்கத்தின் அளவு, 0 முதல் 9 வரை. ஸ்காட்லாந்திலோ அதற்கும் தெற்கிலோ இருப்பவருக்கு அது 5, 6 என்று ஏற வேண்டும். டிரோம்சோவுக்கு 1 அல்லது 2 போதும். வானம் தெளிவாக இருந்து கே.பி. 1 என்றால் போகலாம். கே.பி. 6 என்று காட்டி, நார்வேக் கடலிலிருந்து தாழ்ந்த மேகம் வந்து மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டு வாரத்துக்கு முன்பே வெளியாகும் கே.பி. கணிப்பைப் பார்த்து விமானச் சீட்டு வாங்குவது இன்னும் மோசம். சூரியன் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை சுழல்வதால், போன சுழற்சியில் நடந்தது திரும்ப நடக்கலாம் என்ற ஊகம் மட்டுமே அதில் இருக்கிறது. உறுதியான தகவல், பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் விண்கலங்கள், துருவ ஒளியைத் தூண்டும் சூரியக் காற்றை (சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களை) அளந்த பிறகுதான் வரும். அந்தக் காற்று அங்கிருந்து நம்மை வந்தடைய ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவோதான் ஆகும். ஆக, அன்றைய இரவு அன்றைக்குத்தான் தெரியும். சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருக்கிறதா என்பதை வழிகாட்டிகள் கவனிப்பார்கள். திரும்பி அப்படியே நீடித்தால் நல்ல அறிகுறி.

நீங்கள் பார்க்க வேண்டியது மேகக் கணிப்பு. நார்வேயின் வானிலை நிறுவனமும் தேசிய ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'ஒய்ஆர்' சேவையைத்தான் அந்த ஊர்க்காரர்களும் பார்க்கிறார்கள். மேகத்தில் தாழ்ந்தது, நடுத்தரம், உயரமானது என்று வகை உண்டு. மெல்லிய உயர்மேகத்தின் ஊடாக வலுவான ஒளி தெரிந்துவிடும். தாழ்ந்த மேகம் என்றால் அந்த இடத்தை விட்டு நகர வேண்டியதுதான்.

கடைசி இரவுக்கு ஒரே ஒரு பயணம்

நான்கு நாள் தங்கி, நாய்வண்டி, கேபிள் கார் எல்லாம் முடித்துவிட்டு, துருவ ஒளியைக் கடைசி இரவில் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அன்று புயலோ பனிமழையோ வந்தால் மாற்று நாள் இல்லை. நேர்மாறாகச் செய்யுங்கள். முதல் முழு நாளின் இரவுக்குப் பதிவு செய்துவிட்டு, மற்ற இரவுகளைக் காலியாக விடுங்கள். முதல் இரவில் அமைந்துவிட்டால் மிச்ச நாள் நிம்மதி. அமையாவிட்டால் இன்னொரு முறை போக இடம் இருக்கும். குறைந்தது மூன்று இரவு, முடிந்தால் நான்கைந்து.

வந்து இறங்கும் அன்றே பயணம் வேண்டாம். ஆஸ்லோவில் விமானம் மாறி வரும்போது பெட்டி பின்தங்கிவிடுவது நடக்கிற விஷயம். கம்பளி உள்ளாடை எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கும்.

பருவம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை சூரியன் உதிக்காத நாட்களில்தான் ஒளி நன்றாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை இருட்டு இருந்தால் போதும், அது மார்ச்சிலும் உண்டு. பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர், மார்ச் மாதங்களை ஒட்டிக் காந்தக் கலக்கம் சற்று அதிகம் என்பது நெடுநாள் பதிவுகளில் தெரிகிறது. பௌர்ணமிக்குப் பயந்து தேதியை மாற்றுவதும் தேவையில்லை. மங்கலான ஒளியை நிலா கொஞ்சம் அமுக்கும், உண்மைதான். ஆனால் பனி மூடிய மலை படத்தில் தெரிவது அந்த நிலவொளியால்தான்.

"சிறுகுழு" என்றால் எத்தனை பேர்?

இதைக் கேட்காமல் பணம் கட்டுகிறார்கள். சிலருக்கு அது 8, சிலருக்கு 15, சிலர் 25 பேரையும் அப்படித்தான் விளம்பரப்படுத்துகிறார்கள். எட்டுப் பேர் வேன் சாலையோரச் சிறு ஒதுங்கிடத்தில் நின்று, ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். பெரிய பேருந்துக்கு அது முடியாது. அதற்கேற்ற நிறுத்துமிடம் வேண்டும், ஏறி இறங்கவே கால் மணி நேரம். மேகத்தின் இடைவெளி அரை மணி நேரமே திறந்திருக்கும் இரவில் இந்த வித்தியாசம்தான் பயணத்தின் பலன்.

இன்னும் மூன்று கேள்விகள் முக்கியம். முதலாவது, எவ்வளவு தூரம் வரை போவீர்கள்? கடற்கரையோரம் மூடியிருக்கும்போது, லிங்கன் மலைத்தொடரின் மழை மறைவில் இருக்கும் ஷிபோட்ன் பகுதி பல முறை தெளிவாக இருக்கும். அங்கும் இல்லையென்றால் இ8 நெடுஞ்சாலையில் பின்லாந்து எல்லை தாண்டி, டிரோம்சோவிலிருந்து ஏறத்தாழ 160 கி.மீ. தூரத்தில் இருக்கும் கில்பிஸ்யார்வி வரை போக வேண்டியிருக்கும். "நாங்கள் எல்லை தாண்டுவதில்லை" என்பவரிடம் பாதி வாய்ப்பை இழக்கிறீர்கள். இரண்டாவது, வண்டிக்குப் பயணிகளை ஏற்றும் உரிமம் இருக்கிறதா? சொந்தக் காரில் உரிமமில்லாமல் ஆள் ஏற்றுபவர்களும் உண்டு. விலை குறைவு என்று அவர்களுடன் போய், உறைபனிச் சாலையில் விபத்து நேர்ந்தால் காப்பீடு சிக்கலாகிவிடும். மூன்றாவது, ரத்து விதி. "உத்தரவாதம்" என்று எழுதியிருந்தால் அதன் பொருளைப் படியுங்கள். பணம் திரும்பக் கிடைக்குமா, இரண்டாவது பயணம் இலவசமா, வெறும் தள்ளுபடியா என்பது ஆளுக்கு ஆள் மாறும். கேமராவில் மட்டும் பிடிபடும் மங்கல் பச்சையையே "பார்த்தாயிற்று" என்று கணக்கில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லை தாண்டும் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், ஓட்டல் பெட்டகத்தில் வைக்காதீர்கள். நார்வே, பின்லாந்து இரண்டுமே ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் பகுதி என்பதால் ஒருமுறை நுழையும் விசா உள்ளவரும் போய்வரலாம். பின்லாந்து நேரம் ஒரு மணி முன்னால் ஓடும். எல்லையில் கைபேசிக் கடிகாரம் தானாக மாறி, மறுநாள் அதிகாலை விமானம் உள்ளவர்களைக் குழப்பும். திரும்பி வந்ததும் சரிபாருங்கள். விடிகாலை இரண்டு, மூன்று மணிக்குத்தான் ஓட்டல் வந்து சேர்வீர்கள் என்பதால், மறுநாள் காலையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

ஊர் வெப்பநிலையைப் பார்த்து உடுத்துவது

இதில்தான் அதிகம் பேர் அவதிப்படுகிறார்கள். வெப்பமான கடல் நீரோட்டத்தால் டிரோம்சோ ஊருக்குள் ஜனவரியில்கூடப் பல நாட்கள் மைனஸ் 4 ஒட்டியே இருக்கும். உள்நாட்டுப் பக்கம், வானம் தெளிவாக இருக்கும் அதே இரவில் மைனஸ் 20க்கும் கீழே இறங்கலாம். வானம் தெளிவு என்றாலே தரையின் வெப்பம் மேலே தப்பிவிடும் என்று அர்த்தம். நல்ல காட்சியும் கடுங்குளிரும் சேர்ந்தேதான் வரும். தவிர, நீங்கள் நடக்கப்போவதில்லை. இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கப்போகிறீர்கள்.

பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், அந்த ஈரம் உடம்புச் சூட்டைப் பிடுங்கிவிடும். உடலை ஒட்டி மெரினோ கம்பளி மேலும் கீழும், அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் காற்று புகாத மேலங்கி. பெரும்பாலான சிறுகுழுப் பயணங்களில் முழுநீள வெப்ப உடை தருவார்கள், இவற்றுக்கு மேலே போட்டுக்கொள்ளலாம். அதனால் விலையுயர்ந்த மேலங்கிக்குப் பணம் போடுவது வீண். அந்தப் பணத்தைக் கம்பளி உள்ளாடைக்கும் காலணிக்கும் செலவிடுங்கள். வேனுக்குள் சூடு அதிகம். எல்லா அடுக்கையும் போட்டபடி உட்கார்ந்தால் வியர்த்து, வெளியே இறங்கிய ஐந்தாவது நிமிடம் நடுங்குவீர்கள். உள்ளே ஜிப்பைத் திறந்து வையுங்கள், இறங்கும் முன் மூடுங்கள்.

கால்தான் முதலில் தோற்கும். சாக்ஸ் இரண்டு மூன்று போட்டு ஷூவுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து, ஒரே சாக்ஸில் இருப்பதைவிட அதிகம் விறைக்கும். ஒரு மெல்லியது, ஒரு தடித்த கம்பளி, விரல்களை அசைக்க இடமுள்ள ஓர் அளவு பெரிய பூட்ஸ் போதும். பனிமேல் நேராக நிற்காமல் ரப்பர் பாயோ தோல் விரிப்போ கிடைத்தால் அதன்மேல் நில்லுங்கள். கைக்கு மெல்லிய உள்ளுறையும், அதன்மேல் விரல் பிரியாத தடித்த உறையும். கைச்சூட்டுப் பொட்டலம் காற்றுப்பட்டுத்தான் சூடாகும். கால் மணி நேரம் முன்பே அதன் மேல்தாளைப் பிரித்து, தோலில் நேராகப் படாமல் இரு கையுறைகளுக்கு நடுவே வையுங்கள். உலோகத் தோடு, மூக்குத்தி குளிரைத் தோலுக்குக் கடத்தும், கழற்றிவிட்டு வருவது நல்லது. மூக்கை மூடிய மஃப்ளர் வழியே வரும் மூச்சு கண்ணாடியில் பனியாக உறையும். லென்ஸ் அணியும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை முன்பே எழுதிச் சொல்லுங்கள். பலர் தருவது உலர்பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றிய உணவு அல்லது மீன் சூப், கலைமான் இறைச்சிக் குழம்பு. கேட்டால் சைவம் கிடைக்கும், அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது. நெருப்பில் சுட்டுத் தரும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின் இருக்கும். கழிப்பறை வழியிலுள்ள பெட்ரோல் நிலையங்களில் மட்டுமே, நிறுத்தும்போது போய்விடுங்கள். குழந்தையோடு வருபவர்கள் உயரத்தைச் சொல்ல வேண்டும். 135 செ.மீ.க்குக் குறைந்தவர்களுக்கு நார்வேயில் குழந்தை இருக்கை கட்டாயம்.

நின்ற இடத்தில் செய்யும் தவறுகள்

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருவர் கைபேசி டார்ச்சை அடித்தால் எட்டுப் பேருக்கும் அது முதலிலிருந்து தொடங்கும், பிறர் எடுத்துக்கொண்டிருக்கும் படமும் கெடும். திரை வெளிச்சத்தை அடியோடு குறையுங்கள், ஃபிளாஷை அணையுங்கள், விளக்கு வேண்டுமென்றால் சிவப்பு. சாலையோரத்தில் வழிகாட்டி தரும் ஒளிரும் மேலுடையைக் கழற்றாதீர்கள். வானத்தைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்து சாலைக்குள் வருவதுதான் அங்கே பெரிய ஆபத்து.

கேமராவைப் பகலிலேயே தயார் செய்யுங்கள். அகலக் கோண லென்ஸ், எஃப் 2.8 அல்லது அதைவிட அகலமான திறப்பு, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 1600 முதல் 3200, திறப்பு நேரம் 5 முதல் 10 விநாடி. ஒளி வேகமாக ஆடத் தொடங்கினால் 1 முதல் 3 விநாடிக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் திரைபோன்ற மடிப்புகள் கரைந்து பச்சைக் கறையாகிவிடும். ஆட்டோ ஃபோகஸை அணைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் கையால் கூர்மையாக்குங்கள். லென்ஸ் முன்னால் உள்ள யு.வி. ஃபில்டரைக் கழற்றுங்கள். ஆக்சிஜனின் பச்சை ஒளி ஒற்றை அலைநீளம் கொண்டது, ஃபில்டரின் இரு தட்டைப் பரப்புகளுக்கிடையே பிரதிபலித்துப் படத்தின் நடுவில் வளையம் வளையமாக விழும். வீட்டில் அதை அழிப்பது படாத பாடு. முக்காலியில் இருக்கும்போது அதிர்வுத் தடுப்பையும் அணைத்துவிடுங்கள். கைபேசியில் இரவு முறையும் முக்காலியும் இருந்தால் நல்ல படமே கிடைக்கும். உபரி பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும், குளிரில் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும்.

சாம்பல் நிற வில் போல ஒன்று வடவானில் தெரிந்தால் மேகம் என்று ஒதுக்காதீர்கள். மங்கலான ஒளியில் நம் கண் நிறத்தைப் பிரித்தறியாது, கேமரா அதையே பச்சையாகக் காட்டும். நட்சத்திரம் அதன் ஊடே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பெரும்பாலும் அது துருவ ஒளிதான். அப்படி அசையாமல் கிடக்கும் வில் திடீரென்று பிரகாசமாகி, உடைந்து, தலைக்கு மேலே சிதறும். கண்ணுக்கே பச்சை தெரிவதும், கீழ் விளிம்பில் நைட்ரஜனின் இளஞ்சிவப்பு ஓடுவதும் அந்தச் சில நிமிடங்களில்தான். அதன்பின் அணைந்து அணைந்து எரியும் திட்டுகளாக அடங்கி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மறுபடி எழக்கூடும். முதல் வில்லைப் படமெடுத்துவிட்டு வேனில் போய்த் தூங்கும் ஆட்கள் தவறவிடுவது இதைத்தான். குளிர் தாங்காவிட்டால் பத்து நிமிடம் உள்ளே சூடேற்றிக்கொள்ளுங்கள், "மாறினால் எழுப்புங்கள்" என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு.

சூடான வேனுக்குள் ஏறும் முன் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடியிலும் உள்சுற்றுகளிலும் ஈரம் படியாமலிருக்க அதுவே வழி. ஓட்டலில் இரண்டு மணி நேரம் கழித்துப் பையைத் திறக்கலாம். படங்களை உடனே பார்க்க வேண்டுமென்றால் மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.