கம்பனி வெளியாருக்குப் பங்கு கொடுத்தால் எதைப் பார்ப்பது?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சீடிஎஸ் கணக்கு (வாங்கும் பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். உங்கள் கம்பனி பிரைவேட் பிளேஸ்மென்ட் செய்யப்போகிறது என்று கொழும்பு பங்குச் சந்தையில் அறிவித்தால் பதறவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம். பொதுமக்களிடம் போகாமல், தெரிவுசெய்த ஒருசிலருக்கே புதுப் பங்கை விற்றுக் காசு திரட்டுவதுதான் அது. இருக்கும் பங்குதாரர்களுக்கே புதுப் பங்கை வாங்கக் கொடுக்கும் உரிமைப் பங்கு வழங்கலை விடச் சுருக்காக முடிந்துவிடும். ஆனால் உங்களுக்கு வாங்கும் வாய்ப்பு இல்லை.

முதலில் விலையைப் பாருங்கள். கம்பனிக்கு 10 கோடி பங்கு, சந்தை விலை 20 ரூபாய் என்று வைப்போம். 16 ரூபாய்க்கு 2.5 கோடி புதுப் பங்கு கொடுத்தால், கணக்குப்படி ஒரு பங்கின் பெறுமதி 19.20 ஆகிவிடும். உங்களிடம் 10,000 பங்கு இருந்தால் கம்பனியில் உங்கள் பங்கு 0.01 சதவீதத்திலிருந்து 0.008 சதவீதத்துக்கு இறங்கும். இழப்பு சின்னதுதான், ஆனால் அது யாருடைய பைக்குப் போகிறது?

அதனால் பங்குதாரருக்கு வரும் சுற்றறிக்கையில் வாங்குபவரின் பெயரைத் தேடுங்கள். இயக்குநர்களுக்கு வேண்டியவர் என்றால் இன்னும் கவனம். காசு எதற்கென்றும் பாருங்கள்: புது இயந்திரத்துக்கு என்றால் சரி, 'நடைமுறை மூலதனம்' (அன்றாடச் செலவுக்கான காசு) என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

இதைப் பங்குதாரர் கூட்டத்தில் விசேட தீர்மானமாக வாக்குக்கு விட்டால், அது நிறைவேற அளிக்கப்படும் வாக்குகளில் 75 சதவீதம் தேவை. கூட்டத்துக்காகக் கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை, உங்களுக்குப் பதிலாக வாக்களிக்க ஒருவரை நியமிக்கும் பிரொக்சி படிவத்தை நிரப்பிக் கடைசித் திகதிக்கு முன் அனுப்பினால் போதும்.