குழலியின் கையை வெட்டுவது யார்? கூட்டாக ரோல்பிளே எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு பேர் சேர்ந்து டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஒரு ரோல்பிளே கதை, அதாவது ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாறிமாறி எழுதும் கதை, ஆரம்பிக்கிறார்கள். முதல் வாரம் அமர்க்களமாகப் போகும். மூன்றாவது வாரம் பார்த்தால் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. கதை பிடிக்காமல் பிரிகிறவர்கள் குறைவு. ஒருவருடைய கதாபாத்திரத்தை இன்னொருவர் இஷ்டத்துக்கு ஆட்டிவைத்திருப்பார், அதுதான் பெரும்பாலும் காரணம்.

சத்திரத்தில் திருட வந்த குழலி என்னுடையவள், காவலன் ஆதன் உங்களுடையவன் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதுகிறீர்கள்: "ஆதன் வாளை வீசினான். குழலியின் கையில் வெட்டு விழுந்தது. அவள் அலறியபடி மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள்."

சரி, இனி நான் எழுத என்ன மிச்சம்? வெட்டுப்பட்டாயிற்று, அலறியாயிற்று, மன்னிப்பும் கேட்டாயிற்று. இதைத்தான் காட்மாடிங் என்கிறார்கள், சிலர் பவர்பிளே என்பார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "அவள் மணிக்கட்டைக் குறிவைத்து ஆதன் வாளை வீசினான். தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் அவன் இடது கால் லேசாக வழுக்கியது." வெட்டு விழுந்ததா என்பதை இப்போது நான்தான் சொல்ல வேண்டும். குழலி விலகலாம், அடிபடலாம், எண்ணெயைப் பார்த்துவிட்டு விளக்கைத் தட்டிவிடலாம். முயற்சி வரைக்கும்தான் உங்களுடையது, விளைவு என்னுடையது.

1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தில் அடி பட்டதா என்பதைப் பகடை சொல்லிவிடும், சந்தேகம் வந்தால் ஆட்டத்தை நடத்துபவர் தீர்ப்பார். 1978இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய மட் என்ற, பலர் சேர்ந்து எழுத்திலேயே ஆடும் கணினி விளையாட்டில் அந்த வேலையைக் கணினியே பார்த்தது. பகடை இல்லாமல் வெறும் எழுத்தில் ஆடும்போது அப்படி ஒரு நடுவர் கிடையாது. அதனால்தான் இவ்வளவு கறார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "ஆதன் சுவரில் சாய்ந்து அவளையே பார்த்தான். அவன் மனதில் பழைய நினைவுகள்..." என்று பன்னிரண்டு வரி போகும். நடை அழகாகவே இருக்கும். ஆனால் பதில் எழுத வேண்டியவர் எதைப் பிடித்துக்கொள்வது? ஒரு கேள்வி, கீழே விழுந்த ஒரு சாவி, வாசலில் ஒரு சத்தம், ஏதாவது ஒன்றை விட்டுவைக்க வேண்டும். நான் பார்த்தவரை கதைகள் சண்டையில் சாவதைவிட இப்படிப் பட்டினியில் சாவதுதான் அதிகம்.

அடுத்தது மெட்டாகேமிங். குழலியின் இடுப்பில் விஷக்குப்பி இருப்பதை வாசகராக நீங்கள் படித்துவிட்டீர்கள், ஆனால் ஆதனுக்கு அது தெரியாது. அடுத்த பதிவிலேயே அவன் "எதற்கோ சந்தேகப்பட்டு" இடுப்பைச் சோதித்தால் எல்லோருக்கும் புரிந்துவிடும். அந்த "எதற்கோ"வே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று பேருக்கு மேல் இருக்கும் காட்சியில் வரிசை பேசிக்கொள்ளாதது இன்னொரு தொல்லை. சென்னையில் இரவு ஒன்பது மணிக்கு இரண்டு பேர் உட்கார்ந்து இருபது பதிவு போட்டுவிடுவார்கள். டொரன்டோவில் இருப்பவருக்கு அப்போது காலை பதினொன்றரை, கோடை நேரக் கணக்கு நடந்தால். வேலை முடிந்து வந்து பார்த்தால் அவருடைய வைத்தியர் பாத்திரம், காயம்பட்டவன் பிழைத்து, ஊருக்குப் போய், கல்யாணமும் முடித்த பிறகும் அதே கட்டிலருகே நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொருவரும் எழுதியபின் தான் அடுத்த சுற்று, இரண்டு நாள் பதில் வராவிட்டால் அவரைத் தாண்டிப் போகலாம் என்று ஆரம்பத்திலேயே பேசிவைத்தால் போதும். அப்புறம், ஒரே பாத்திரத்தை இரண்டு சேனலில் ஓட்டுபவர்கள் எது முந்தி நடந்தது என்று மேலே ஒரு வரி போட்டுவிடுங்கள். காலையில் இறந்தவன் மதியம் சந்தையில் கத்திரிக்காய் வாங்கியதை நான் படித்திருக்கிறேன்.

கதைக்கு வெளியே பேச ஓஓசி (அவுட் ஆஃப் கேரக்டர்) சேனல் ஒன்று தனியாக இருக்கட்டும். ஆதன் குழலியைத் துரோகி என்று திட்டப்போகிறான் என்றால், "நாளைக்கு ஆதன் கொஞ்சம் மோசமாகப் பேசுவான், உங்களுக்குச் சரியா?" என்று அங்கே ஒரு வரி கேட்டுவிடுங்கள். எனக்கு ஒருமுறை அதற்கு வந்த பதில்: "தாராளமாக, குழலி திருப்பி அறைவாள், அதற்கு இடம் விட்டு எழுதுங்கள்."