ஆக்சிலில் எண்ணெய்க் கசிவா? முதலில் பிரீதரைப் பாருங்கள்
பழைய ஜீப், ஜிப்சி போன்ற வண்டிகளில் பின்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கசிந்தால், ஆயில் சீலை மாற்றுவதற்கு முன் ஆக்சிலின் மேலுள்ள பிரீதர் (உள்ளிருக்கும் காற்று வந்துபோகும் சிறு வழி) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்று, சேறு அடைத்த பிரீதர் வழியே வெளியேற முடியாமல் எண்ணெயைச் சீலின் வழியே தள்ளுவதால், புதிதாகப் போட்ட சீலும் விரைவில் கசியத் தொடங்கும். அதைவிடக் கவலை தருவது ஓடையைக் கடக்கும் நேரம்தான்: சூடான ஆக்சில் தண்ணீரில் சட்டெனக் குளிரும்போது, அதே சீல் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிரீதரைக் கழற்றி, டீசலில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டுங்கள். இயன்றால் எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயை அதில் இணைத்து, மறுமுனையைச் சேசிஸுக்கு மேலே உயரமாகக் கட்டிவிடுங்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்றுங்கள், ஆனால் வடிப்பதற்கு முன் நிரப்பும் பிளக் திறக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.