மூத்த இசைக்குழுவின் புது ஆல்பத்தை ஊரில் எட்டுப் பேர் சேர்ந்து கேட்க: தி க்யூரை வைத்து ஒரு வழிமுறை

நாற்பது வருஷத்துக்கு மேல் வாசிக்கும் போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கிலிருந்து கிளைத்த இசை) குழு புது ஆல்பம் கொண்டுவந்தால், பேச்சு பெரும்பாலும் இரண்டே வரியில் முடிந்துவிடும்: "பழைய மாதிரி இல்லை", "பழைய மாதிரியேதான் இருக்கு". இரண்டிலுமே ஆல்பத்தைவிடப் பேசுகிறவரின் இளமைக்காலம்தான் அதிகம் இருக்கும். ஒரே அறையில், ஒரே ஒலியில், எல்லோரும் ஒன்றாகக் கேட்டு, பேசும் வரிசையையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் நிஜமான கருத்துகள் வெளியே வரும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளுக்கு ஏற்றபடி அந்த வழியை இங்கே சொல்கிறோம்.

உதாரணத்துக்கு, 2024 நவம்பர் 1 அன்று வந்த, பிரிட்டன் ராக் குழுவான தி க்யூரின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. 2008-க்குப் பிறகு அவர்களுடைய முதல் ஸ்டுடியோ ஆல்பம். எட்டுப் பாட்டு, சுமார் 49 நிமிடம். 1992-க்குப் பிறகு பிரிட்டனில் அவர்களுக்கு முதலிடம் வாங்கிக்கொடுத்ததும் இதுதான்.

நாள் பார்ப்பது

டெல்டாவில் இதுதான் பாதி வேலை. ஆடியில் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தையிலும் மாசியிலும் முகூர்த்தம் போதாதென்று, வயலோர வீடுகளில் சம்பா அறுக்கும் மிஷின் ராத்திரியிலும் ஓடும். எங்களுக்குத் தெரிந்து மார்கழி மாலைதான் நல்லது. கோயில் ஸ்பீக்கர் விடியற்காலையோடு ஓய்ந்துவிடும், கல்யாணம் கிடையாது, முக்கியமாக ஃபேனை நிறுத்தலாம். தெருவில் ஐயப்ப பஜனை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் எட்டுக்குள் ஆல்பம் முடியும்.

அறையும் ஒலியும்

செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசவே கூடாது. சைமன் காலப்பின் பேஸ் கிட்டார்தான் பல பாட்டுகளைத் தாங்கி நிற்கிறது. பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். போன் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் அறவே வராது. பேஸ் போய்விட்டால் மிஞ்சுவது கீபோர்டும் குரலும்தான். "ஒரே இழுவையா இருக்கு" என்ற புகார் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

5 அல்லது 6 அங்குல ஊஃபர் (பேஸ் ஒலி தரும் கூம்பு) உள்ள இரண்டு ஸ்பீக்கர் போதும். இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி. கேட்பவர்கள் அதே அளவோ கொஞ்சம் கூடுதலாகவோ தள்ளி உட்காரட்டும். சுவரிலிருந்து 40 செ.மீ. முன்னால் வையுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் குமுறும். தரையில் உட்காருவதென்றால் ஸ்பீக்கரையும் அந்தக் காது உயரத்துக்கு இறக்குங்கள். ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தால் சிம்பல் ஒலி தலைக்கு மேலே போய்விடும்.

நம் பக்கத்துக் கூடங்களில் தரை சிமென்ட் அல்லது டைல்ஸ், சுவர் வெறுமை. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். 'டிங்' என்று வால் நீண்டால் எதிரொலி அதிகம். ஜமுக்காளம் விரித்து, எதிர்ச்சுவரில் இரண்டு மெத்தையைச் சாய்த்து வைத்து, திரும்பத் தட்டிப் பாருங்கள். வீட்டில் நெல் மூட்டை இருந்தால் அதையும் மூலையில் அடுக்கலாம்.

ப்ளூடூத் வேண்டாம், வயர் போடுங்கள். பாட்டுகளை முன்கூட்டியே டவுன்லோட் செய்து, போனை ஏரோப்ளேன் மோடில் வைத்துவிடுங்கள். ஷஃபிள், ஈக்வலைசர் இரண்டையும் அணைப்பது கட்டாயம். இலவசக் கணக்கில் நடுவே விளம்பரம் வந்தால் அன்றைய கூட்டமே வீண். லேப்டாப்பில் போட்டால் 'ஊம்' என்று இரைச்சல் வரலாம். சார்ஜரைக் கழற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடினாலும் ஆம்ப்ளிஃபையர் இரையும். அந்த நேரத்தில் ஆல்பத்தை நிறுத்தி வைப்பதே மேல். ஒலி அளவு உட்காரும் இடத்தில் 75 முதல் 80 டெசிபல். போன் ஆப்பில் தோராயமாக அளந்தால் போதும்.

யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது

ஆறு முதல் எட்டுப் பேர். பாதிப் பேர் இதே குழுவின் 1989 ஆல்பம் 'டிஸின்டெக்ரேஷன்' மனப்பாடமாகத் தெரிந்தவர்கள், பாதிப் பேர் குழுவின் பேரே கேட்காதவர்கள். வெறும் ரசிகர்கள் கூட்டம் வேண்டாம். அது நினைவஞ்சலிக் கூட்டமாகிவிடும்.

ஏ4 தாளை நாலாக மடித்துக் கிழித்து ஆளுக்கொரு சீட்டும் பென்சிலும் கொடுங்கள். பாட்டுக்கு ஒரு வரி, மொத்தம் எட்டு. "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள். "கவனம் எங்கே கலைந்தது?", "எந்தச் சத்தம் உங்களைத் திரும்ப இழுத்தது?" இந்த இரண்டும் போதும். "டிரம்ஸ் நின்ன இடம்", "கிட்டார் கீச்சுன்னு வந்தப்போ" என்று இரண்டு சொல்லில் எழுதினாலே நிறைய விஷயம் கிடைக்கும்.

குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் அண்ணனை இழந்த துக்கத்தில் எழுதியது 'ஐ கேன் நெவர் சே குட்பை' என்பதை முன்னாடியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மரியாதைக்காகவே எல்லோரும் அந்தப் பாட்டைப் புகழ்வார்கள். விஷயம் தெரியாமலேயே, ஆறாவதாக வரும் அந்தப் பாட்டின் பியானோவில் ஒருவர் பென்சிலைக் கீழே வைத்தால், அதற்குத்தான் மதிப்பு. பாட்டுக்கு இரண்டு வரியாகத் தமிழில் சாரம் எழுதி வைத்துக்கொண்டு, கேட்டு முடித்த பிறகு கொடுங்கள்.

நடுவில் இடைவேளை கிடையாது. காபி, பக்கோடா எல்லாம் பிறகு. டம்ளர் டபரா சத்தம் மெல்லிய இடங்களைத் தின்றுவிடும்.

பேச்சு

புதியவர்கள் முதலில், பழைய ரசிகர்கள் கடைசியில். இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "எண்பத்தொன்பது மாதிரி வராது" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்துவிட்டால், இளையவர்கள் தங்கள் சீட்டை மடித்துப் பையில் போட்டுவிடுவார்கள்.

அடிக்கடி வரும் புகார், "பாட ஆரம்பிக்கவே இவ்வளவு நேரமா?" நியாயமான கேள்விதான். முதல் பாட்டு 'அலோன்' மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் வாத்தியம். கடைசிப் பாட்டு 'எண்ட்சாங்'கில் குரல் வருவதற்குள் ஆறு நிமிடம் கடந்துவிடும். நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊரில் இதை விளக்குவது சுலபம்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைக்கு யாரும் "கீர்த்தனை எப்போ?" என்று கேட்டதில்லை. ஆனால் ஒப்புமையை அதற்கு மேல் நீட்டாதீர்கள். இங்கே ராகம் விரிவதில்லை. ஒரே சுற்று திரும்பத் திரும்ப வர, அதன்மேல் அடுக்கு ஏறுகிறது.

"எல்லாப் பாட்டும் ஒண்ணு போல இருக்கு" என்றால் ஐந்தாவதான 'ட்ரோன்:நோட்ரோன்' பாட்டை மட்டும் திரும்பப் போடுங்கள். ரீவ்ஸ் கேப்ரல்ஸின் கரகரத்த கிட்டாரைக் கேட்ட பிறகும் அதே கருத்து நின்றால், அது உண்மையான கருத்து, எழுதிக்கொள்ளுங்கள். "குரல் மாறவே இல்லையே!" என்று பழைய ரசிகர்கள் வியப்பார்கள். ராபர்ட் ஸ்மித் 1959-இல் பிறந்தவர், ஆல்பம் வரும்போது 65 வயது. அந்த வியப்பிலேயே பேச்சு தங்கிவிடாமல், அந்தக் குரல் என்ன பாடுகிறது என்று சாரத் தாளைக் காட்டி நகர்த்துங்கள்.

பழைய ஆல்பத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் 'டிஸின்டெக்ரேஷன்' முதல் பாட்டைக் கடைசியில் போடுங்கள், ஒருபோதும் முதலில் வேண்டாம். இரண்டின் ஒலி அளவையும் டெசிபல் ஆப்பில் சமமாக்குங்கள். பழைய பதிவு பொதுவாக மெல்ல ஒலிக்கும். சத்தம் கூடியது எதுவோ அதையே காது "நல்லா இருக்கு" என்று சொல்லும். 2 டெசிபல் வித்தியாசம்கூடத் தீர்ப்பைப் புரட்டிவிடும்.

சீட்டுகளை வாங்கித் தேதி போட்டு ஒரு கவரில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே ஆட்களைக் கூப்பிட்டு, பழைய சீட்டைக் காட்டாமல் புதுச் சீட்டு கொடுத்து, மூன்று பாட்டு மட்டும் போடுங்கள்: ஒன்று, ஆறு, எட்டு. பிறகு இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.